‘சேஞ்ச்’ என்பதற்கு மராத்தியில் என்ன சொல்வது?

அகராதிச் செயலியில் ‘சேஞ்ச்’ என்று தட்டினால் முதலில் வருவது ‘பதல்’. அதை நம்பிக் கடையில் “மாஜ்யாகடே பதல் நாஹீ” என்றால் ‘என்னிடம் மாற்றம் இல்லை’ என்று ஆகும். கடைக்காரருக்குச் சில்லறை விஷயம் என்று எட்டவே எட்டாது.

ஆங்கிலத்தை வழியில் விட்டுவிடுங்கள். சொல்ல வந்ததைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று பாருங்கள்: சில்லறையா, மாற்றமா, வேலையில் மாற்றலா? தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. மராத்தியும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் பிரிகிறது: சுட்டே, பதல், பத்லீ.

முதலில் சில்லறை. பேச்சில் ‘சுட்டே’, எழுத்தில் பெரும்பாலும் ஒற்றை டகரத்தோடு ‘சுடே பைசே’. சகரத்தை ‘ஸ’ என்றே ஒலிக்க வேண்டும். பைசே பன்மை என்பதால் வினையும் பன்மையில் வரும்.

“சுட்டே ஆஹேத் கா?” – சில்லறை இருக்கா?
“ஷம்பர்ச்சே சுட்டே த்யா.” – நூறுக்குச் சில்லறை கொடுங்க.
“மாஜ்யாகடே சுட்டே நாஹீத்.” – என்கிட்ட சில்லறை இல்லை.

கடைசி வாக்கியத்தில் நம் நாக்கு சறுக்கும். இரண்டு உயிருக்கு நடுவே வரும் ககரத்தைத் தமிழ்ப் பழக்கத்தில் மெலித்துவிடுவோம். ‘மாஜ்யா – கடே’ என்று இரண்டாக வெட்டி, நம் ‘கடை’யில் வரும் கனத்த ககரத்தையே போடுங்கள். இன்னொரு பிசகு ‘சுட்டே’யை ‘சுட்டீ’ ஆக்குவது. சுட்டீ என்றால் விடுமுறை. “சுட்டீ ஆஹே கா?” என்று நடத்துநரைக் கேட்டால், இன்று லீவா என்று விசாரித்ததாக ஆகும்.

நாணயங்களுக்குத் தனியாக ‘சில்லர்’ என்ற சொல்லும் உண்டு. நம் ‘சில்லறை’ காதில் விழுகிறதல்லவா? ஆனால் முதல் எழுத்து ‘ச்சில்லர்’ என்று அழுத்தமாக வர வேண்டும். ‘மோட்’ என்றும் சொல்வார்கள்; நோட்டை உடைப்பது என்ற பொருளில் வருவது. அது ஒருமை என்பதால் “ஷம்பர்ச்சீ மோட் ஆஹே கா?” என்று வினை மாறும். முளைகட்டிய பயறின் முளைக்கும் மோட் என்றுதான் பெயர். மளிகைக் கடையில் நின்று கேட்கும்போது ‘சுட்டே’ என்றே கேட்பது நல்லது. பொருள் வாங்கியபின் மீதிப் பணம் வேண்டுமென்றால் அது சுட்டே அல்ல: “பாகீச்சே பைசே த்யா.”

அடுத்தது மாற்றம். பெயர்ச்சொல் ‘பதல்’: பம்பாயின் ப, தாதரின் த, முடிவில் வெறும் ல். கடைசியில் உகரம் ஒட்டி ‘பதலு’ என்று இழுத்தால் வெளியூர் என்று தெரிந்துவிடும். “வேளாபத்ரகாத் பதல் ஜாலா ஆஹே” என்றால் கால அட்டவணை மாறியிருக்கிறது. வேளா என்பதில் நம் ளகரமேதான். இந்தி பேசுகிறவர்கள் திணறும் எழுத்து நமக்கு இலவசம்.

வினையாக வரும்போது இரண்டு வடிவங்களைக் காதில் பிரித்துக்கொள்ளுங்கள். ‘பத்லா’ என்றால் மாற்றுங்கள், ‘பதல்லா’ என்றால் மாறினான் அல்லது மாற்றினான். குழந்தையிடமோ நண்பரிடமோ வெறும் ‘பதல்’ போதும்.

தமிழில் மாறு, மாற்று என்று இரண்டு வினை உண்டு. மராத்தியில் இரண்டுக்கும் ‘பதலணே’ ஒன்றுதான். இறந்தகாலத்தில் ‘னே’ உருபு வருவதை வைத்துப் பிரிக்கலாம்:

“தோ பதல்லா.” – அவன் மாறிவிட்டான்.
“த்யானே நம்பர் பதல்லா.” – அவன் நம்பரை மாற்றினான்.
“தினே நம்பர் பதல்லா.” – அவள் நம்பரை மாற்றினாள்.

மூன்றாவதைக் கவனியுங்கள். மாற்றியவள் பெண், ஆனாலும் வினை ‘பதல்லீ’ ஆகவில்லை. மாற்றப்பட்ட பொருளைப் பார்த்துத்தான் வினை நிற்கிறது, நம்பர் ஆண்பால். காடீ பெண்பால் என்பதால் ஆண் பேசினாலும் “மீ காடீ பதல்லீ”. கப்டே, அதாவது துணி, பன்மை. எனவே “மீ கப்டே பதல்லே”. செய்தவரைப் பார்த்தே வினை முடித்துப் பழகிய நமக்கு மராத்தியில் அதிகம் தடுக்குகிற இடம் இதுதான். மீ (நான்), தூ (நீ), ஆம்ஹீ (நாங்கள்), தும்ஹீ (நீங்கள்) ஆகியவை னே உருபு வாங்காது, ஆனால் விதி அவற்றுக்கும் உண்டு.

ரயில் மாற வேண்டுமானால் “காடீ குட்டே பத்லாய்ச்சீ?” என்று கேளுங்கள்; வண்டி எங்கே மாறணும் என்று பொருள். காடீயில் காந்தியின் கா. மும்பையில் அந்தேரியிலிருந்து லோக்கல் ரயிலில் தாணே போகிறவருக்குக் கிடைக்கும் வழக்கமான பதில் “தாதர்லா பத்லா”. மேற்குப் பாதையும் மத்தியப் பாதையும் அங்கே சந்திக்கின்றன.

வேலை மாற்றலுக்கு ‘பத்லீ’. “மாஜீ பத்லீ புண்யாலா ஜாலீ” – எனக்குப் புணேவுக்கு மாற்றல். ஒருவருக்குப் பதிலாக வேலைக்கு வருபவரும் பத்லீதான். நம் ‘பதில்’ வந்த அதே அரபு வேரிலிருந்து வந்த சொல் இது. ‘பத்லா’ பெயர்ச்சொல்லாக நின்றால் பழிவாங்கல்: “பத்லா கேணே.” தகரத்தை இரட்டித்து ‘பத்தல்’ என்றால் மாற்றமே இல்லை, ‘பற்றி’ என்று அர்த்தம்.

செய்தித்தாள் படிக்கத் தொடங்கியதும் ‘அந்தர்’ என்று முடியும் சொற்கள் வரிசையாக வரும். பக்ஷாந்தர் கட்சி மாறுதல், ஸ்தலாந்தர் இடம்பெயர்தல், பாஷாந்தர் மொழிபெயர்ப்பு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதைத் தர்மாந்தர் என்பார்கள். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைக் கேட்டு நடந்த போராட்டம் நாமாந்தர். 1994 ஜனவரி 14 அன்று பழைய பெயரையும் விடாமல் அவர் பெயரைச் சேர்த்தார்கள், ஆகவே அதை ‘நாமவிஸ்தார்’, பெயர் நீட்டிப்பு என்று குறிக்கிறார்கள். இந்த இடங்களில் ‘பதல்’ போட்டால் புரியும், ஆனால் மொட்டையாக இருக்கும். சமூக மாற்றம் என்று மேடையில் பேசும்போது ‘பரிவர்தன்’.

ஹவாபாலட், ஹவாமான் பதல் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உடம்பு தேறக் கொஞ்ச நாள் வேறு ஊரில் போய் இருப்பது முன்னது. பருவநிலை மாற்றம் பின்னது.