'தானாச் சரியாயிடும்' என்று கைக்குழந்தையை விட்டுவைக்காதீர்கள்

உடம்புக்குள் ஓர் உயிர்சக்தி இருக்கிறது, அதுவே நோயை விரட்டும் என்பது பழைய நம்பிக்கை. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமனும் உயிர்சக்தியைப் பற்றிப் பேசினார். மதுரைப் பக்கம் இயற்கை வாழ்வில் ஈடுபாடுள்ள இளம் பெற்றோர் சிலர் பிள்ளை வளர்ப்பிலும் அந்தப் பழைய நம்பிக்கையைக் கடைப்பிடிக்கிறார்கள். சளி, சிராய்ப்புக்கு அது சரிதான், உடம்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் பிள்ளை தாங்காது.

பேதியில்தான் இந்தத் தவறு அதிகம். 'கழிவு வெளியேறுது, லங்கணம் பரம ஔஷதம்' என்று பட்டினி போடுகிறார்கள். வெளியேறுவது நீரும் உப்பும். வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு மெதுவாக இறங்கினால், கண் குழி விழுந்திருந்தால், மூத்திரம் குறைந்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வழியிலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கணும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவாகப் போட்டால் உப்பு கூடிப்போகும், அது ஆபத்து. டாக்டர் தரும் ஜிங்க் மருந்தை, பேதி நடுவிலேயே நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் உடம்பின் போராட்டம் என்பது உண்மைதான். ஆனால் 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும். அந்த வயதில் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தாலும் வெளியே வேறு அறிகுறி தெரியாமல் இருக்கலாம்.

'நோய் வந்து போனால் இயற்கையாக எதிர்ப்பு வரும்' என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுபவர்கள் ரணஜன்னியை (டெட்டனஸ்) நினைத்துப் பார்க்கணும். அது ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பு வராது, ஊசிதான் தரும்.

அப்புறம் வளர்ச்சி. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தச் சுரப்பை எந்த உயிர்சக்தியும் உண்டாக்கித் தராது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, 2 வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் இழந்தது திரும்பாது. பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புமுன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பேச்சும் அப்படித்தான். 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று ஆச்சிகள் ஆறுதல் சொல்வார்கள். கூப்பிட்டால் திரும்பாத, ஒன்றரை வயதிலும் ஒரு சொல் வராத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்கணும். அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு தடவை வரும் மருத்துவக் குழுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்கு அவர்களே அனுப்புவார்கள், காசு கிடையாது.