மைக்கா ஓரம் சில்லு தெறிக்காமல் அறுக்க

சிங்க்குக்குக் கீழே வரும் கதவு அரை அங்குலம் கூடிப்போனால் கையால் அறுத்துவிடலாம். பயம் ஒன்றுதான்: மைக்கா ஓரம் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும்.

கைரம்பம் தள்ளும்போதுதான் அறுக்கும், பல் வெளியேறும் பக்கத்தில்தான் சில்லு தெறிக்கும். அதனால் நல்ல முகம் மேலே இருக்கட்டும். (மின்சார ஜிக்சா என்றால் தலைகீழ். அதன் பல் சாதாரணமாக மேல்நோக்கி அறுக்கும், நல்ல முகம் கீழே.)

கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டர் கத்தியால் நாலைந்து முறை கீறுங்கள். மைக்கா முழுசாக வெட்டுப்பட வேண்டும், மேலோட்டக் கீறல் போதாது. இரண்டு பக்கமும் மைக்கா என்றால் பின்பக்கமும் கீறுங்கள். பொடிப்பல் ரம்பத்தை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, கீறலுக்கு வெளியே, கழிவுப் பக்கமாக அறுங்கள். அவசரம் வேண்டாம். முடியும் நேரத்தில் கழிவுத் துண்டை யாராவது தாங்கிக்கொள்ளட்டும். அது தொங்கினால் கடைசி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். என் வீட்டுக் கதவொன்றில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் அரத்தை மைக்காவிலிருந்து பலகை நோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பி இழுத்தால் மைக்கா கிளம்பிவிடும்.