படமே இல்லாத வோல்பேப்பர்: போனுக்கும் கணினிக்கும் ஒற்றை நிறம் செய்யும் முறை

யாழ்ப்பாண ரவுனில் கண்ணாடி மாற்றப் போனைக் கொடுத்தால், திரை எரிந்தவுடன் கடைக்காரர் முதலில் காண்பது வோல்பேப்பரைத்தான். சாமத்தியவீட்டுப் படம், பிள்ளையின் பாடசாலைச் சீருடை, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடு என்று எதுவும் அதில் இருக்கலாம். சூம் வகுப்பில் திரையைப் பகிரும் மாணவருக்கும், ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கனடாவிலுள்ள உறவினருக்கு அனுப்புபவருக்கும் இதே நிலைதான். ஒற்றை நிறம் போட்டுவிட்டால் அங்கே அறிய எதுவுமில்லை.

இதற்கென்று வோல்பேப்பர் செயலி எதையும் இறக்காதீர்கள். ஒரு நிறத்தைக் காட்ட இணையமும் தேவையில்லை, இருப்பிட அனுமதியும் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே உள்ள பெயின்ற் என்ற வரைதல் செயலி போதும்.

பெயின்றைத் திறந்து கன்ட்ரோலையும் ஈ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். அளவுப் பெட்டி வரும். அலகைப் பிக்சல் என்று வைத்து, போனுக்கு அகலம் 1080, உயரம் 2400 கொடுங்கள். பழைய அல்லது விலை குறைந்த போனானால் 720, 1600. கணினிக்கு 1920, 1080. சிறிய மடிக்கணினிக்கு 1366, 768. பிறகு எடிட் கலர்ஸைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண்களை இடுங்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நிறம் நிரப்பும் வாளிக் கருவியைத் தெரிந்து வெள்ளைப் பரப்பில் ஒருமுறை தட்டினால் நிரம்பிவிடும். பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள்.

அளவை முதலிலும் நிறத்தைப் பிறகும் கொடுக்க வேண்டும். மாறிச் செய்தால் பெரிதாக்கிய பகுதி வெள்ளையாக நின்றுவிடும். போனில் போட்ட பிறகுதான் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். சேமித்த கோப்பின் எடையையும் பாருங்கள். ஒரே நிறம் என்பதால் பிஎன்ஜி நன்றாகச் சுருங்கும். சில பத்துக் கிலோபைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது. 7 மெகாபைட்டுக்கு மேல் காட்டினால் சுருக்காமல் வைக்கும் பிஎம்பி வகையாகச் சேமித்திருக்கிறீர்கள். 1080ஐ 2400ஆல் பெருக்கி, பிக்சலுக்கு 3 பைட் வைத்தால் 77 இலட்சத்து 76 ஆயிரம் பைட் வரும் அல்லவா, அதுதான் அந்த எடை.

நிறத் தெரிவுக்குச் சற்று நேரம் செலவிடுங்கள். ஒரு நாளில் பலமுறை பார்க்கப் போகிறீர்கள். கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணுக்குக் கிட்ட வருவது 122, 62, 42. முற்றிய பனையோலைக்கு 38, 66, 48. மாலை மங்கும் நேரத்து நீரேரிக்கு 47, 72, 88. இந்த மூன்றிலும் வெள்ளை எழுத்துத் தெளிவாக நிற்கும். தோட்டத்திலும் வெயிலிலும் வேலை செய்பவர்களுக்கு இருண்ட நிறம் சரிவராது. நடுப்பகலில் திரை கண்ணாடிபோல் முகத்தையே காட்டும். அவர்களுக்குக் குருத்தோலை நிறம், 222, 214, 170, நல்லது. சொந்தமாக நிறம் அமைக்கும்போது பச்சை எண்ணைக் கவனியுங்கள்: மூன்றிலும் அதுவே கண்ணுக்கு அதிக வெளிச்சமாகப்படும், நீலம் மிகக் குறைவு.

முழுக் கறுப்பு, அதாவது 0, 0, 0, அமோலெட் திரையில் பற்றரியை மிச்சப்படுத்தும், ஏனென்றால் அங்கே கறுப்புப் பிக்சல் அணைந்தே இருக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் அந்த இலாபம் இல்லை.

உங்கள் வளவிலுள்ள ஒரு நிறமே வேண்டுமென்றால் படம் எடுத்து, பெயின்றில் திறந்து, சொட்டுக்குழாய்க் கருவியால் நிறத்தைத் தொட்டு, எடிட் கலர்ஸில் தெரியும் மூன்று எண்களையும் எழுதிவையுங்கள். பிறகு புதிய கோப்பில் அந்த எண்களைக்கொண்டு நிரப்புங்கள். படத்தின் ஒரு துண்டை வெட்டி வோல்பேப்பராக்க வேண்டாம். கமராவில் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால் வீட்டின் அகலாங்கும் நெட்டாங்கும், எடுத்த நேரமும், போனின் மாதிரியும் படக்கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். வெட்டினாலும் அவை பல செயலிகளில் அப்படியே தங்கிவிடும். கமராவை விரலால் மூடி எடுத்த கறுப்புப் படத்துக்கும் இது பொருந்தும். அதோடு, அந்தக் கறுப்பு புள்ளி புள்ளியாக இருக்கும்.

கோப்பைப் போனுக்கு மாற்றக் கேபிளோ புளூடூத்தோ போதும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக்காக மாறி நிறமும் சிறிது பிசகலாம். அதில்தான் அனுப்ப வேண்டுமென்றால் டொக்கியூமென்றாக அனுப்புங்கள்.

அன்ட்ரொயிட்டில் முகப்புத் திரையும் பூட்டுத் திரையும் தனித்தனி. பலர் முகப்பை மட்டும் மாற்றிவிட்டு, பூட்டுத் திரையில் பழைய குடும்பப் படத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் போடுங்கள். ரெட்மி போன்களில் வோல்பேப்பர் கரோசல் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இணையத்திலிருந்து படம் எடுத்துப் பூட்டுத் திரையில் போடும். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் கோப்பே தேவையில்லை. பூட்டுத் திரையை அழுத்திப் பிடித்து, புதிது சேர்க்கும் இடத்தில் கலரைத் தெரிந்து, பக்கவாட்டில் தள்ளி ஒற்றை நிற வகைக்கு வந்தால் போதும்.

விண்டோஸில் டெஸ்க்ரொப்புக்கு சொலிட் கலர் தெரிவு உண்டு. ஆனால் பூட்டுத் திரைக்கு அது இல்லை. அங்கே தானாகப் படம் மாற்றும் ஸ்பொட்லைற்றை விட்டு பிக்சர் என்ற தெரிவை வைத்து, நீங்கள் செய்த பிஎன்ஜியைக் கொடுங்கள். இன்னொரு விடயம், பலர் அறியாதது: பேர்சனலைசேஷன் பக்கத்தில் கடைசியாகப் பயன்படுத்திய ஐந்து படங்கள் சிறிதாக வரிசையில் நிற்கும். சொலிட் கலருக்கு மாறினாலும் அவை போகாது. ஐந்து நிறங்களில் ஐந்து பிஎன்ஜி செய்து ஒன்றன்பின் ஒன்றாக வோல்பேப்பராக்கினால் பழையவை வரிசையிலிருந்து தள்ளுண்டுவிடும்.

அன்ட்ரொயிட் 8.1 முதல் எந்தச் செயலியும் அனுமதி கேட்காமலே வோல்பேப்பரின் முக்கிய நிறங்களை வாசிக்கலாம். ஒரு படத்திலிருந்து மூன்று நிறம் வரை கிடைக்கும். மூன்றும் சேர்ந்தால் உங்கள் போனைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளமாகிவிடும். ஒற்றை நிறத்தில் கிடைப்பது ஒன்றே. அதையும் குறைக்க விரும்புபவர் செம்பாட்டை விட்டு பலரும் வைக்கும் முழுக் கறுப்பையே வைக்கலாம்.

கடைசியாகப் பூட்டுத் திரையின் அறிவித்தல்கள். செற்றிங்ஸில் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவை இயக்குங்கள். இல்லாவிட்டால் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அந்த வெறும் நிறத்தின்மேல் இன்னும் தெளிவாகத் தெரியும்.