பயமுறுத்தினால் முகக்கவசம் போடுவார்களா? பெருந்தொற்றுக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டக் காவல்துறை ஒரு காணொளியை வெளியிட்டது. முகக்கவசம் இல்லாமல் வந்த இளைஞர்களைப் பிடித்து, 'கொரோனா நோயாளி' படுத்திருக்கும் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். இளைஞர்கள் அலறுகிறார்கள், ஒருவர் ஜன்னல் வழியே வெளியேறப் பார்க்கிறார். நோயாளியாகப் படுத்திருந்தவர் நடித்தவர்தான். நாடே பார்த்துச் சிரித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்தவருக்கு முகக்கவசம் எப்படிக் காக்கிறது என்று ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது. நோயாளியைக் கண்டால் ஓட வேண்டும் என்பது மட்டும் நன்றாகப் பதிந்திருக்கும்.

அந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சில நாட்களுக்கு முன்பே சென்னை பார்த்திருந்தது. ஏப்ரல் 19 இரவு, தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கடைசியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரும் மருத்துவமனை ஊழியர் இருவரும் மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார்கள். அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இறந்தவரின் உடலிலிருந்து தொற்று எளிதில் பரவாது என்பதை முன்னரே தெருத்தெருவாகச் சொல்லியிருக்கலாம். அச்சத்தை மட்டும் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது, 'நம் ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை' என்று திட்டுவது. எனக்கு மிகவும் கோபம் வரும் பேச்சு இது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி கடைகளில் கால் வைக்க இடமில்லை. தொலைக்காட்சிகள் மக்களைக் கடிந்துகொண்டன. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் குளிர்பதனப் பெட்டி இல்லை, கையிருப்பும் இல்லை. நான்கு நாளைக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கச் சொன்னால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி மே 5 அன்று அதை மூடியபோது, அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போயிருந்தது. அவர்களும் வேலை போனதால் வீடு திரும்பியவர்கள்தான்.

பிரிட்டனில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. அறிகுறி வந்தால் தனித்திருப்போம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர்; அப்படியே இருந்தவர்கள் மிகக் குறைவு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் பணமுடை உள்ள வீடுகளிலும்தான் அது கூடுதலாகத் தவறியது. மனம் இருந்தது, வழி இல்லை.

விதி போட்டவரே அதை மீறுவது இன்னொரு தவறு. பிரிட்டனின் அப்போதைய பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கில் குடும்பத்தோடு லண்டனிலிருந்து வட இங்கிலாந்தின் டர்ஹம் வரை போனது 2020 மே மாதம் வெளியே வந்தது. அதன்பின் இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்ததை ஓர் ஆய்வு பதிவு செய்தது. தனி அரசுகள் உள்ள ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. நம் ஊரில் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மேடையில் பேசியவர்களைப் பார்த்த மக்களும் தங்களுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

கடைசித் தவறு, தொற்று வந்தவர்களின் வீட்டு வாசலில் சென்னை மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. தெருவே அந்த வீட்டை ஒதுக்கியது. இப்படி நடந்தால் அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தவர் பரிசோதனைக்கா போவார்? உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே சென்னை மாநகராட்சி, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் பாலும் காய்கறியும் மருந்தும் வாங்கித் தரத் தன்னார்வலர்களை நியமித்தது. அடுத்த முறை வார்டு உறுப்பினரோ குடியிருப்புச் சங்கமோ முதலில் எழுத வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்: எந்த வீட்டுக்கு யார் பால் வாங்கிக் கொடுப்பது, கூலி போன நாட்களுக்கு அரிசிக்கு என்ன வழி.