முதல் வருகையிலேயே குடும்பத்தை வரைந்துவிடுங்கள்

வீடு தேடிச் செல்லும் சமுதாய நலச் செவிலியர்கள் முதல் சந்திப்பிலேயே அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை ஒரே தாளில், வீட்டார் கண்ணெதிரிலேயே வரைந்துவிடலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி. அருகில் வயது, நோய். மருந்தை யார் எடுத்துக் கொடுக்கிறார், செலவை யார் முடிவு செய்கிறார் என்பதும் (நடைமுறையில் இதுதான் முக்கியம்).

படத்தைப் பார்த்ததும் வீட்டாரே திருத்தம் சொல்லத் தொடங்குவார்கள். படிவக் கேள்விகளுக்கு வராத பதில்கள் தாமாக வரும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் தலைமுறைதோறும் தொடர்வதும் ஒரே பார்வையில் புலப்படும். அடுத்து வரும் செவிலியர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியதில்லை.

அவசர நிலையில் இது வேண்டாம். எச்.ஐ.வி., கருக்கலைப்பு, குடும்ப வன்முறை ஆகியவற்றை எல்லோரும் பார்க்கும் தாளில் எழுதவே கூடாது; தனிமையில் கேட்டுத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.