பள்ளி புராஜெக்டுக்குப் பாட்டு வீடியோ எடுப்பது எப்படி? வேலூர் வெயிலுக்கும் கையிலுள்ள மொபைலுக்கும் ஏற்ற செய்முறை

மாணவர்கள் எடுக்கும் பாட்டு வீடியோக்களில் முதலில் கண்ணை உறுத்துவது உதட்டசைவுதான். கேமரா சுமாராக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பாடுகிறவர் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போனால் பத்தாவது நொடியிலேயே கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிடும். அதனால் இந்த விளக்கம் பாட்டைப் பிடித்துக்கொண்டே போகிறது: பாட்டை முதலில் முடிப்பது, அதைத் தாளக் கணக்கில் பிரிப்பது, அந்தக் கணக்கில் படம் எடுப்பது, அதே கணக்கில் எடிட் செய்வது.

தேவையானவை: 1080பி எடுக்கும் மொபைல் ஒன்று, பாட்டை ஓடவிட இன்னொரு மொபைல், ஒரு ஸ்பீக்கர், ட்ரைபாட், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப வெள்ளைத் தெர்மோகோல் அட்டை இரண்டு, பவர் பேங்க், ஒரு நோட்டு. பாடுபவர்கள் போக நான்கு பேர் போதும்: கேமராவுக்கு ஒருவர், பாட்டு போட ஒருவர், அட்டை பிடிக்க ஒருவர், நோட்டு எழுத ஒருவர். பெரிய குழு என்றால் பாதிப் பேர் நிழலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

படி 1: பாட்டை முடிவு செய்யுங்கள்

சினிமாப் பாட்டு வேண்டாம். பள்ளி விழாவில் ஆசிரியர், பெற்றோர் முன்னால் பாடுவது வேறு. யூடியூபில் ஏற்றுவது வேறு. ஏற்றினால் உரிமையாளர் கோரிக்கை வரும், சில சமயம் ஒலியே முடக்கப்படும். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, வரிகளைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அவற்றுக்குப் பிற்காலத்தில் யாரோ போட்ட மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. மெட்டு உங்களுடையதாக இருக்கட்டும். நீங்களே எழுதினால் இன்னும் நல்லது. பாலாறு, முள்ளுக் கத்தரிக்காய், எருது விடும் விழா, தெருக்கூத்து என்று நம் பக்கத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை.

நீளம் இரண்டரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பல்லவி, இரண்டு சரணம், நடுவில் ஒரு சின்ன இடையிசை.

ஒலிப்பதிவை வகுப்பறையில் செய்யாதீர்கள். தரை, சுவர், கூரை எல்லாம் வெறுமையாக இருப்பதால் எதிரொலி வரும். யாராவது ஒருவர் வீட்டில் பீரோவும் மெத்தையும் துணியும் நிறைந்த அறை எடுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, மொபைலை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடித்து டொப் டொப்பென்று கேட்கும். பாடுபவர் ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுத் தாள ஆப்பைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். பம்பை, பறை இருந்தால் தனியாக, இரண்டு மீட்டராவது தள்ளிப் பதியுங்கள். பக்கத்தில் வைத்தால் ஒலி கிழிந்துவிடும், கிழிந்த ஒலியைப் பிறகு சரிசெய்ய முடியாது.

முடிந்த பாட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாகச் சேமித்து, ‘இறுதி’ என்று பெயர் வையுங்கள். இதற்குப் பிறகு ஒரு நொடிகூட நீட்டவோ குறைக்கவோ கூடாது. ஷூட்டிங் முடிந்த பிறகு “கொஞ்சம் வேகமா இருந்தா நல்லாருக்கும்” என்று யாராவது சொன்னால் ஒரே பதில்தான்: அடுத்த புராஜெக்டில் பார்க்கலாம்.

படி 2: தாளக் கட்டம் போடுங்கள்

பாட்டு நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் ஆதி தாளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு 0.625 நொடி. எட்டு தட்டு சேர்ந்த ஓர் ஆவர்த்தனம் சரியாக 5 நொடி. இரண்டரை நிமிடப் பாட்டில் 30 ஆவர்த்தனம் வரும்.

இப்போது நோட்டில் 30 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: அந்த ஐந்து நொடியில் வரும் வரி, என்ன தெரிய வேண்டும், எங்கே எடுப்பது. உதாரணமாக, பாலாற்றைப் பற்றிய பாட்டு என்றால்:

கட்டம் 1, 2: இசை மட்டும். காய்ந்த மணல், தூரத்தில் பாலம். ஆள் இல்லை.
கட்டம் 3: பல்லவி முதல் வரி. பாடுபவர் இடுப்பளவு, ஆற்று மணல்.
கட்டம் 4: அதே வரி மறுபடி. முகம் மட்டும், பிறகு கையிலிருந்து மணல் கொட்டுவது.
கட்டம் 5: இரண்டாம் வரி. பாடுபவர்கள் எல்லோரும் நடந்து வருவது.

ஒரு கட்டத்துக்கு ஒரு ஷாட் என்றால் நிதானமாக இருக்கும், இரண்டு என்றால் விறுவிறுப்பு. முதல் சரணத்தை ஒன்றாகவும் கடைசிப் பல்லவியை இரண்டாகவும் வைத்தால், மொத்தம் நாற்பது ஷாட்டுக்குள் அடங்கும். கட்டத்தில் எழுத எதுவும் தோன்றவில்லையென்றால் அந்த இடத்தில் பாட்டுதான் தேவையில்லாமல் நீள்கிறது. ஒலிப்பதிவுக்கு முன்பே இந்தக் கட்டத்தை ஒருமுறை பென்சிலில் போட்டுப் பார்ப்பது அதனால்தான் நல்லது.

படி 3: இடமும் அனுமதியும்

கோட்டையில் எடுக்க வேண்டும் என்று எல்லோருமே முதலில் சொல்வார்கள். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ட்ரைபாட், ஸ்பீக்கர், ஆட்டம் என்று போய் இறங்கினால் காவலாளி நிறுத்துவார், அது அவர் வேலை. தலைமையாசிரியர் கையெழுத்துடன் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கிடைக்கத் தாமதமானால் அகழிக்கு வெளியே, சாலைப் பக்கம் நின்று மதில் பின்னணியில் விழும்படி எடுக்கலாம்.

கோட்டை வாசல் கிழக்குப் பக்கம். அந்தப் பக்க மதிலின் மேல் காலையில் நேர் வெயில் விழும். கல்லின் நிறம் நன்றாக வரும், ஆனால் மதிலுக்கு முன் நிற்பவர்கள் சூரியனைப் பார்த்து நிற்பதால் கண்ணைச் சுருக்குவார்கள். மாலையில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கும், ஆட்கள் கறுப்பு உருவமாகத் தெரிவார்கள். முகம் தெரிய வேண்டிய வரிகளைக் காலை ஏழரைக்கு முன்னும், நிழலுருவ ஆட்டத்தை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றில் யாருடைய முன் அனுமதியும் இல்லாமல் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம்; பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். மணல் எடுத்த பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மழைக்காலத்தில் இறங்கவே கூடாது, 2021 நவம்பர் வெள்ளத்தை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரயில் தண்டவாளம், காட்பாடி பிளாட்பாரம் இரண்டையும் கட்டத்திலிருந்தே அடித்துவிடுங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் மொபைலே கொண்டுபோக முடியாது. ஏலகிரி போகலாம் என்றும் ஒருவர் சொல்வார். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் பாதிப் பேருக்குத் தலை சுற்றும், கிடைப்பது மூன்று ஷாட். பள்ளி மொட்டை மாடி, மைதானம், வேப்பமர நிழல், ஒரு மளிகைக் கடை வாசல் போதும்.

படத்தில் வரும் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். யூடியூபில் போடப்போகிறீர்களா, பள்ளிக்குள் மட்டுமா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

படி 4: மொபைலைத் தயார் செய்யுங்கள்

அமைப்பு: 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்). ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 130 எம்பி பிடிக்கும். 45 நிமிடம் எடுத்தால் 6 ஜிபி. 4கே வைத்தால் இடமும் சூடும் இரண்டும் பிரச்சினை. ஏரோபிளேன் மோடு போடுங்கள், பாதியில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலாக வந்த பல வீடியோக்களுக்குக் காரணம் விரல் எண்ணெய்தான். விரலால் ஜூம் செய்யாதீர்கள், கால் இருக்கிறது, நடந்து கிட்டே போங்கள்.

ஷாட் தொடங்கும் முன் பாடுபவர் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே நடந்தாலே படம் முழுக்க இருண்டு வெளுக்கும். மணலில் இது இன்னும் மோசம்: மணலின் பளபளப்பைப் பார்த்து மொபைல் முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

அறைக்குள் டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் கோடுகள் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. புரோ மோடில் (கேமரா அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் கோடு போய்விடும், 1/60-இல் போகாது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான மொபைல்கள் 35 டிகிரி வரைக்கும்தான் நிம்மதியாக வேலை செய்யும். அதற்கு மேல் முதலில் திரை மங்கும், பிறகு பதிவு தானாக நிற்கும். கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே எடுக்காதீர்கள், ஒரு முறை எடுத்து அடுத்த முறை எடுப்பதற்குள், அதாவது டேக்குகளுக்கு நடுவே, குடைக்கடியில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைப்பது கூடாது, உள்ளே ஈரம் கோக்கும். பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை வெளியே எடுக்கவே வேண்டாம்: உச்சி வெயிலில் கண்குழி கறுத்துப்போகும், எந்த அட்டையும் அதைக் காப்பாற்றாது. தை மாதம் என்றால் காலை ஏழு முதல் ஒன்பது வரை அருமையான வெளிச்சம்.

படி 5: எடுங்கள்

இறுதிப் பாட்டின் தொடக்கத்தில் நான்கு ‘டக்’ ஒலி சேர்த்து ஷூட்டிங்குக்கென்று ஒரு பிரதி செய்யுங்கள். ஒலிகளுக்கு இடையே பாட்டின் அதே தாள இடைவெளி. சரணம் தொடங்கும் இடங்களுக்கும் இப்படித் தனித்தனிப் பிரதி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பாட்டை ஓட்டித் தேடியே நேரம் போகும்.

முதலில் பாட்டு முழுவதையும் ஒரே டேக்கில், ஆட்கள் முழுதாகத் தெரியும் தூரத்தில் எடுங்கள். பிறகு இடுப்பளவில் இரண்டு முறை, முகத்தளவில் இரண்டு முறை. இந்த ஐந்தும் கையில் இருந்தால் எடிட்டில் எந்தக் கட்டம் காலியானாலும் நிரப்பிவிடலாம். கை, கால், பம்பை, மணல் போன்ற துண்டு ஷாட்டுகள் அதற்குப் பிறகுதான். நோட்டுக்காரர் ஒவ்வொரு டேக்குக்கும் கட்ட எண், டேக் எண், ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று குறிக்க வேண்டும்.

வாய் மட்டும் அசைக்காதீர்கள், குரல் விட்டுப் பாடுங்கள். பாடும்போது கழுத்து நரம்பும் மூச்சும் அசையும். சும்மா வாயசைத்தால் முகத்தளவு ஷாட்டில் பொய் பளிச்சென்று தெரியும். ஸ்பீக்கர் பாடுபவர் பக்கத்தில், படத்தில் விழாதபடி இருக்கட்டும்.

தூர ஷாட்டில் ஒரு நுணுக்கம். நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். ஸ்பீக்கர் பாடுபவரிடமும் கேமரா 35 மீட்டர் தள்ளியும் இருந்தால், பாட்டு கேமரா மைக்குக்கு 0.1 நொடி தாமதமாக வரும், அதாவது 3 ஃபிரேம். அந்த ஒலியை வைத்துப் பொருத்தினால் உதடு பாட்டை முந்தும். எடிட்டில் அந்தக் கிளிப்பை 3 ஃபிரேம் தாமதமாகத் தொடங்கும்படி தள்ளிவைத்தால் சரியாகிவிடும். நோட்டில் தூரத்தை எழுதிவையுங்கள்.

மணலில் ட்ரைபாட் கால் புதையும். காலுக்கு ஒன்றாக உடைந்த ஓட்டுத் துண்டோ பலகையோ வையுங்கள். ஸ்லோ மோஷனில் உதடு பொருந்த வேண்டுமா? 60 ஃபிரேமில் எடுத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பாதி வேகத்துக்குக் குறைத்தால் உதடு சரியாக விழும், நடையும் துணியும் மிதக்கும். இழுத்துப் பாடும் வரிகளுக்கு மட்டும் இது ஒத்துவரும். சொற்கள் நெருக்கமான வரியில் நாக்கு சுழலும்.

படி 6: எடிட்

கிளிப்புகளை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் பாதியாகிவிடும். கேபிளிலோ ஓடிஜி பென்டிரைவிலோ மாற்றுங்கள். வேறு வழியில்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

இறுதிப் பாட்டை டைம்லைனில் (எடிட் ஆப்பில் கிளிப்புகளை அடுக்கும் வரிசை) முதலில் வைத்துப் பூட்டுங்கள். முழுப்பாட்டு டேக்குகளை அதன் மேல் அடுக்கி, கேமரா ஒலி அலையில் நான்காவது ‘டக்’ முள் எழும் இடத்துக்கு ஒரு தட்டு கழித்து இறுதிப் பாட்டு தொடங்கும்படி பொருத்துங்கள். பொருந்தியதும் கேமரா ஒலியை மியூட் செய்யுங்கள். பிறகு கட்ட நோட்டைப் பார்த்துக்கொண்டே தேவையான துண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். வெட்டுகளைத் தட்டுக்குச் சரியாக வைப்பதைவிட ஓரிரு ஃபிரேம் முன்னால் வைத்தால் கண்ணுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்.

தொடக்கத்தில் பொருந்திய டேக் கடைசியில் அரை நொடி விலகுகிறதா? மொபைல்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாறும். கணினி இருந்தால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாறாத 30 ஃபிரேமாக மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். மொபைலில்தான் வேலை என்றால் டேக்கைச் சரணம் சரணமாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்துங்கள்.

பாடல் வரிகளைத் திரையில் போட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ உடைந்துபோகும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைச் சேர்த்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

1080பி, 30 ஃபிரேமிலேயே சேமித்து, பள்ளி ஹைடெக் லேப் திரையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மொபைலில் நன்றாகத் தெரிந்த இருட்டு ஷாட்டுகள் புரொஜெக்டரில் காணாமல் போகும். அவற்றை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கி மறுபடி சேமித்தால் சமர்ப்பிக்கலாம்.