இளங்கலை மாணவர் ஆய்வு: வழிகாட்டிகளும் கல்லூரிகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர் ஆய்வு என்றால் பெரும்பாலும் ஆறாம் பருவத்து ப்ராஜெக்ட் என்றே பொருள். உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஆண்டுவிழா, செய்முறைத் தேர்வு ஆகியவை போக அந்தப் பருவத்தில் எஞ்சும் நாட்களுக்குள் தலைப்பைத் தேடி, களத்துக்குச் சென்று, தரவு திரட்டி, அறிக்கையும் எழுதி முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே முதல் தவறு. தலைப்பு ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். நெருக்கடியில் சிக்கிய மாணவர் ஆயத்த அறிக்கை விற்கும் ப்ராஜெக்ட் சென்டரின் படியேறும்போது, அவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

அடுத்தது தலைப்பின் அளவு. ‘வைகை ஆற்றின் மாசு’ என்று மாணவர் எழுதிவருவதை ஆசிரியர் அப்படியே ஒப்புக்கொள்வது தாராள மனமாகத் தோன்றலாம். உண்மையில் அது அவரைக் கைவிடுவதுதான். ஆரப்பாளையத்துக்கும் விரகனூர் மதகணைக்கும் இடையே நான்கு இடங்களில் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் எப்படி மாறுகிறது என்று கேள்வியைக் குறுக்கினால் விடை காண முடியும். அப்போதும் வழிகாட்டி ஒருமுறையேனும் களத்துக்கு உடன் செல்ல வேண்டும். இல்லையெனில், மாதிரி எடுத்த இடத்திலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து ஆக்ஸிஜனை நிலைப்படுத்தாமல், பாட்டிலை மூடிப் பேருந்தில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஓரிடத்தில் அதிகாலையிலும் மற்றோரிடத்தில் நண்பகலிலும் நீரெடுத்துவிட்டு, பாசியின் ஒளிச்சேர்க்கையால் பகலில் ஆக்ஸிஜன் கூடியிருப்பதை இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடாக எழுதிவிடவும் கூடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படும் நாட்களில் எடுத்த மாதிரியை ஆற்றின் வழக்கமான நிலையாகக் கொள்வதும் இதே வகைப் பிழை. சித்திரையில் தண்ணீர் வருவது மதுரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆய்வறிக்கை எழுத உட்காரும்போது ஏனோ பலருக்கு ஊர் மறந்துபோகிறது.

அனுமதி பெறுவதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கக் கூடாது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குச் சென்று செடியோ பூச்சியோ சேகரிக்க நினைக்கும் மாணவருக்கு, யாரிடம், எப்போது எழுதிக் கேட்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் பூக்கட்டும் பெண்களின் வருமானத்தை விசாரிக்கும் ஆய்வுக்கும் ஒப்புதல் தேவை. வினாத்தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதலாகிவிடாது. எதற்காகக் கேட்கிறோம், பெயர் வெளிவருமா, பதில் சொல்ல மறுக்கலாமா என்பவற்றை அவர்களுக்குப் புரியும் பேச்சில் விளக்க வேண்டும்.

“எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்” என்ற அன்பான வாக்கு நடைமுறையில் பயன்படுவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர், சார் வேலையாக இருப்பார், மேடம் கோபப்படுவார் என்று எண்ணி ஆசிரியர் அறையின் வாசலோடு திரும்பிவிடுவார். வாரத்தில் குறித்த ஒரு நாளில், குறித்த அரை மணி நேரம் சந்திப்பதென்று வைத்து, பேசியதையும் அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டியதையும் மாணவரே ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னால் இந்தத் தயக்கம் குறையும். மதிப்பெண்ணில் முதலிடம் பெறுபவர்களை மட்டும் ஆய்வுக்கு அழைப்பதும் தவறே. பொறுமையாக ஒன்றையே திரும்பத் திரும்ப அளக்கும் குணம் மதிப்பெண் பட்டியலில் தெரிவதில்லை. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பரிந்துரைக் கடிதத்தைத் தருவதால் யாருக்கும் பயனில்லை.

அறிக்கையில் எவ்வளவு பகுதி பிற நூல்களோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காட்டை நேர்மையின் அளவாகக் கொள்வது இப்போது பரவியுள்ள பழக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பது உண்மைதான். ஆனால் சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைத்த அறிக்கையிலும் இட்டுக்கட்டிய தரவு இருக்கலாம். அளவீடுகளை அவ்வப்போது குறித்துவைத்த மூல நோட்டை வாங்கிப் பார்ப்பதே சரியான சோதனை. பணம் கட்டினால் வெளியிடும் இதழ்களுக்கு மாணவரைத் தள்ளிவிடவும் கூடாது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்து மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தரத்தை எடைபோடும் பொறுப்பு இப்போது வழிகாட்டியிடமும் துறையிடமுமே இருக்கிறது. உழைக்காதவர் பெயர் கட்டுரையில் ஏறக்கூடாது; துறைத்தலைவரின் பெயரும் இதற்கு விலக்கல்ல.

இத்தனையையும் ஆசிரியர் தலையில் மட்டும் சுமத்துவது நிர்வாகத்தின் தவறு. அதே 2018-இல் வந்த மற்றொரு விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுத்துள்ளது. அதற்கு மேல் தேர்வுப் பணியும் சேர்க்கைப் பணியும் தரமதிப்பீட்டுக் கோப்புகளும் வந்து சேர, வழிகாட்டும் நேரம் கால அட்டவணையில் எங்கும் இடம்பெறுவதில்லை. அட்டவணையில் அதற்கெனத் தனி மணிகளை ஒதுக்கி, ஓர் ஆசிரியருக்கு இத்தனை குழுக்கள் மட்டுமே என்று கல்விக்குழு ஐந்தாம் பருவம் தொடங்கும் முன்பே வரம்பு வகுக்க வேண்டும்; வைவா எனும் வாய்மொழித் தேர்வு நாளன்றுதான் வழிகாட்டி தன் மாணவரின் தலைப்பை முதன்முறையாகக் கேட்கும் நிலை அப்போதுதான் மாறும்.